செட் சேலை

அந்த முன் சீட்ல ஜன்னலோரமா ஹெட்போன் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கே, அது உங்க பிள்ளைதானே? ஏறும்போதே பாத்தேன். பிளஸ் டூ முடிச்சிருக்காளா? நானும் அப்படித்தான் நினைச்சேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க, முடியை இப்படி விரிச்சுப் போட்டுட்டு வந்திருக்கா, பஸ்ல ஏறி இறங்குற இடம், எவன் சட்டைப் பட்டன்லயாவது மாட்டிக்கிடும். ஒரு கிளிப் போட்டாப் போதும். இல்ல இல்ல, நான் எழுந்திரிச்சுப் போய்ச் சொல்லமாட்டேன். பழக்கதோஷம். என் வேலையே அதுதான் பாத்துக்கிடுங்க.

கணக்குதான் என் பாடம். கோவில்பட்டிக்கு வெளியே பைபாஸ்ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ், அங்க வேலை பாத்தேன். பேரு சாந்தகுமாரி. பாடம் நடத்துன நேரத்தைவிட கேட்ல நின்ன நேரம்தான் அதிகம். டிஸிப்ளின் கமிட்டின்னு ஒண்ணு போட்டாங்க, பொம்பளைப் பிள்ளைகளுக்கு நான் இன்சார்ஜ். காலைல காலேஜ் பஸ் வரதுக்கு முன்னாடியே போய் நின்னுருவேன். ஷாலை ரெண்டு தோள்லயும் பின் குத்தியிருக்கணும், ஒத்தப் பக்கமாப் போட்டுட்டு வரக்கூடாது. லெக்கின்ஸ் கூடாது. டாப் முட்டிக்குக் கீழ வரணும். முடி பின்னியிருக்கணும். பசங்களுக்கு வேற சார் உண்டு. தாடி எடுத்தியா, சட்டையை இன் பண்ணுனியாங்கிற பஞ்சாயத்தெல்லாம் அவர் பாடு.

என் கைப்பையில எப்பவும் ஒரு டப்பா ஊக்கு கிடக்கும். ஷால் நழுவி வர பிள்ளையை நிப்பாட்டி நானே குத்திவிடுவேன். திட்டமாட்டேன். எனக்கு பின்னு மேடம்னு பட்டப்பேரு வச்சிருக்குங்க. ஆசையா வச்சதுதான். பிடிக்காதவங்களுக்கு யாரு மெனக்கெட்டுப் பேரு வைப்பா?

இந்தக் காலத்துப் பிள்ளைகளை லேசுல நினைச்சிராதீங்க. எவ்வளவு ரூல் போட்டாலும் அதுக்குள்ள ஒரு ஸ்டைலைக் கண்டுபிடிச்சிரும். ரெண்டு பக்கமும் குத்துன்னா குத்தும், ஆனா மடிப்பு மடிப்பா எடுத்து, ஊக்கு மேல ஒரு முத்தை வச்சிரும். பின்னலைப் போடுன்னா, நெத்தியில நாலு முடியை எடுத்துவிட்டுட்டுத்தான் பின்னும். திடீர்னு ஒரு வாரம் பாத்தா எல்லாப் பிள்ளை கால்லயும் ஒரே மாதிரி வெள்ளை ஷூ. எங்க பேசி வைக்கும், எப்பப் பேசி வைக்கும்னு நமக்குத் தெரியாது. செல்போன்ல குரூப் வச்சிருக்குங்களே, அதுலதான் எல்லாம். அந்தக் குரூப்ல ஒரு பிள்ளை இல்லைன்னா அது காலேஜ்லயே இல்லாத மாதிரி.

என் மக ரூபிணி அந்தக் குரூப்ல இல்லை. முதல் வருஷம் முழுக்க இல்லை.

ஒரே மக. என் கண் பார்வையிலயே இருக்கட்டும்னு எங்க காலேஜ்லயே சேத்தேன். கேட்டுக்குள்ள நான் அம்மா இல்ல, மேடம்னு முதல் நாளே சொல்லிட்டேன். பாரபட்சம்னு ஒரு பேச்சு வந்துரக்கூடாது பாருங்க. மத்த பிள்ளையை ஒரு தடவை நிப்பாட்டினா இவளை ரெண்டு தடவை நிப்பாட்டுவேன். வீட்ல நான்தான் ஷாலைக் குத்தி அனுப்புவேன், கேட்லயும் நான்தான் பிடிச்சு நிப்பாட்டி இழுத்துப் பாப்பேன். எல்லாரும் பாக்கட்டும்னுதான்.

அவகிட்ட எந்தப் பிள்ளையும் ஒட்டலை. இவ பக்கத்துல போனா பேச்சை நிறுத்திருமாம். அம்மாகிட்டப் போய்ச் சொல்லிருவாளாம் இவ. மத்தியானம் என் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து என்கூட உட்கார்ந்துதான் சாப்பிடுவா. எனக்கு அதுல ஒரு சந்தோஷம், பொய் சொல்லக்கூடாது. வளர்ந்த பிள்ளை எந்த வீட்ல அம்மாகூட உட்கார்ந்து சாப்பிடுது, சொல்லுங்க.

ஆனா துணிமணின்னா அவளுக்கு உசுரு. என் பழைய சேலைக் கரையை வெட்டி ஷாலுக்கு லேஸா வச்சுத் தைப்பா. கடையில ஒரு துணியைத் தூக்கிப் பிடிச்சு, அம்மா இது உனக்கு எடுக்காது, அந்த ஊதாவை எடுன்னு சொல்வா. அவ சொன்ன மாதிரியே இருக்கும். கண்ணாடி முன்னாடி நின்னான்னா ஒரு கம்மலை மாட்டுவா, கழட்டுவா, இன்னொண்ணை மாட்டுவா. யாருடி உன்னைப் பாக்கப்போறான்னு நான் கத்துவேன். யாரும் பாக்கமாட்டாங்கம்மா, சும்மாதான்னு சொல்வா.

ரெண்டாவது வருஷம் பெனிட்டான்னு ஒரு பிள்ளை இவ பெஞ்சுல வந்து உட்கார்ந்துச்சு. எட்டயபுரத்துல இருந்து வர பிள்ளை, வாய் கொஞ்சம் ஜாஸ்தி. நீ போட்டிருக்க ஷால் லேஸ் எங்க வாங்கினேன்னு கேட்டுச்சாம். நானே தைச்சேன்னு இவ சொல்லியிருக்கா. அவ்வளவுதான், அந்தப் பிள்ளை தன் ஷாலைக் கொண்டுவந்து கொடுத்து எனக்கும் தைச்சுக் கொடுன்னுச்சு. பிறகு இன்னொண்ணு வந்துச்சு, இன்னொண்ணு வந்துச்சு. எந்த டாப்புக்கு எந்த ஷால்னு இவகிட்டதான் கேக்கும். குரூப்லயும் சேத்துக்கிட்டாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டாமலே சொன்னா, அம்மா என்னைச் சேத்துட்டாங்கம்மான்னு. எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாத் தெரியலை. சேருன்னேன், கண்டதையும் பேசாதேன்னேன். மத்தியானம் என் ரூமுக்கு வரது நின்னு போச்சு. நான் மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்.

உங்களுக்கு செட் சேலை தெரியுமா? உங்க பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கும். காலேஜ்ல டிரெடிஷனல் டேன்னு வருஷத்துக்கு ஒரு நாள் வைப்பாங்க, பசங்க வேட்டி, பொண்ணுக சேலை. ஒவ்வொரு கிளாஸ் பொண்ணுகளும் பேசி வச்சு ஒரே கலர், ஒரே கரை, ஒரே மாதிரி ஜாக்கெட். எல்லாம் ஒரே கடையில சொல்லி வச்சு எடுக்குறது. தூரத்துல வரும்போதே இது எந்த கிளாஸ்னு தெரியணுமாம். அதுல ஒருத்தி மாறிப் போட்டா மானமே போச்சுங்கிற மாதிரி. அதைப் போட்டுக்கிட்டு நிக்கிற போட்டோவுக்காகத்தான் அதுக காலேஜுக்கே வருது.

அந்த வருஷம் கலரை எடுக்குற பொறுப்பை ரூபிகிட்டக் கொடுத்துட்டாங்க. ராத்தூக்கம் இல்லாம யோசிச்சா. கறுப்பான பிள்ளை, சிவப்பான பிள்ளை, குண்டு, ஒல்லி, எல்லாருக்கும் எடுக்கணும்லம்மான்னு ஒவ்வொருத்தி முகத்தையும் போன்ல வச்சுக்கிட்டு, கலரைப் பக்கத்துல வச்சு வச்சுப் பாத்தா. கடைசியில ராமர் பச்சை, வாடாமல்லிக் கரை. பிள்ளைக எல்லாம் ஒத்துக்கிட்டாங்களாம். அன்னிக்கு என் கன்னத்தைப் பிடிச்சு முத்தம் கொடுத்தா. பேச்செல்லாம் நாங்க, நாங்கன்னுதான் வரும். நாங்க பூ வைக்கப்போறோம், நாங்க கண்ணாடி வளையல்தான் போடப்போறோம். எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.

காலேஜ் ஸ்டாப்புக்கு எதிர்ல ராஜாத்தின்னு ஒரு டெய்லர் அம்மா கடை வச்சிருக்கு. ஜாக்கெட்டெல்லாம் அங்கதான் கொடுத்திருக்காங்க. விசேஷத்துக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி சாயங்காலம், ரூபியோடது தைச்சாச்சான்னு கேட்டு வாங்கிட்டு வரலாம்னு போனேன். உள்ள கம்பியில வரிசையாத் தொங்குது, அத்தனையும் வாடாமல்லி. திருப்பிப் பாக்குறேன். முதுகு இல்லை. கழுத்துல ஒரு கயிறு, இடுப்புக்கிட்ட ஒரு பட்டை, நடுவுல ஒண்ணுமே இல்லை. குஞ்சம் வச்ச கயிறு. ஒவ்வொண்ணாத் திருப்பினேன், எல்லாம் அதே டிசைன். ரூபிணின்னு சீட்டு குத்தியிருக்கிறதும் அதே டிசைன்.

என் மக ஜாக்கெட்டுங்க. நான் தினமும் ரெண்டு தோள்லயும் ஊக்கு குத்தி அனுப்புற பிள்ளை.

இவளோடதுக்கு மட்டும் துணி வச்சு மூடிருன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்பத்தான் தோணுச்சு. இவளுக்கு மட்டும் மூடினா எல்லாரும் முதுகு தெரிய நிக்க, இவ ஒருத்தி மட்டும் தனியாத் தெரிவாளே. பாவம், ஒரு வருஷம் தனியாக் கிடந்த பிள்ளை, இப்பத்தானே சேந்திருக்கு. பெத்தவளுக்கு அந்த யோசனை இருக்கணும்ல? அதனாலதான் சொன்னேன், எல்லாத்தையும் மூடிருன்னு.

அந்த அம்மா முழிச்சுச்சு. மேடம், பிள்ளைக ஆசையாக் கேட்டுச் சொன்ன டிசைன், என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிரும்னுச்சு. காலேஜ்ல சொல்லிட்டாங்கன்னு சொல்லு, யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்கன்னேன். நாங்க சொல்லித்தான் காலேஜ் பிள்ளைக அந்தக் கடைக்கே போகுது, தெரியும்ல அதுக்கு. மிச்சத் துணி கிடந்துச்சு. உட்கார்ந்து எல்லா முதுகையும் அடைச்சுருச்சு. நான் கூடவே இருந்து பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு, பாந்தமா.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டில்ல வச்சேன். ரூபி எடுத்துப் பாத்தா. திருப்பினா. எனக்கு மட்டுமான்னு கேட்டா. எல்லாருக்கும்தான், உன்னைத் தனியா விடுவேனான்னேன். எல்லாருக்குமாம்மான்னு திரும்பவும் கேட்டா. ஆமாடி, ஒண்ணு விடலைன்னேன். அப்படியே கட்டில்ல உட்கார்ந்துட்டா. நான் அதை நிம்மதின்னு நினைச்சேன். பிறகு, நான்தான் உன்கிட்டச் சொன்னேன்னு நினைப்பாங்கம்மான்னா. நீ சொல்லலையே, பிறகென்ன பயம்னேன். அம்மா, நீ தயவுசெஞ்சு எதுவும் பேசாதம்மான்னா. சரின்னேன்.

மறுநாள் பிள்ளைக போய் ஜாக்கெட் வாங்கியிருக்குங்க. அதுக்கப்புறம் ரூபி போன்ல குரூப்ல ஒரு மெசேஜ் வரலை. இவ போனைக் கையில வச்சுக்கிட்டே சுத்துறா. எல்லாரும் பூ கட்டுறதுல இருப்பாங்கன்னு நான் சொன்னேன்.

விசேஷத்தன்னைக்குக் காலைல நானே கொசுவம் வச்சுக் கட்டிவிட்டேன். சொல்லக்கூடாது, என் கண்ணே பட்டிரும், அப்படி இருந்தா. அந்தப் பச்சை அவளுக்குன்னே நெய்த மாதிரி. ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போய் கேட்ல என் பக்கத்துல நிக்க வச்சேன். பிள்ளைக பஸ்ல வரட்டும், சேந்து உள்ள போலாம்னு அவளும் நின்னா.

பஸ் வந்துச்சு. பெனிட்டா முதல்ல இறங்கினா. கறுப்புச் சுடிதார், கறுப்பு ஷால். சேலையைப் பையில கொண்டுவந்திருப்பா, உள்ள போய்க் கட்டிக்கிடுவான்னு ரூபி நினைச்சிருக்கணும், சிரிச்சா. அடுத்தது இறங்குச்சு, கறுப்பு. அதுக்கடுத்ததும் கறுப்பு. அந்தக் கிளாஸ் பொண்ணுக ஒண்ணு விடாம கறுப்புச் சுடிதார். எந்தப் பிள்ளை வீட்லயும் கறுப்புச் சுடிதார் ஒண்ணு இருக்கும்ல. இவ இல்லாத வேற குரூப் ஒண்ணு போட்டு, அதுல பேசியிருக்குங்க.

ஆனா ஒண்ணு சொல்றேங்க. அன்னிக்கு மாதிரி அந்தப் பிள்ளைகளை நான் பாத்ததே இல்லை. டாப் முட்டிக்குக் கீழ. ஷால் ரெண்டு தோள்லயும் கச்சிதமா பின். முத்து இல்லை, மடிப்பு இல்லை. முடி இழுத்துப் பின்னி, ஒரு முடி வெளிய இல்லை. பெனிட்டா எனக்கு முன்னாடி வந்து நின்னு, மேடம் செக் பண்ணிக்கோங்கன்னு சொல்லித் திரும்பி முதுகைக் காட்டினா. அடுத்த பிள்ளையும் வந்து திரும்பி நின்னுச்சு. எல்லாப் பிள்ளையும் வரிசையா வந்து ஒவ்வொண்ணாத் திரும்பி முதுகைக் காட்டிட்டுப் போச்சு. ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. டிரெடிஷனல் டேக்குச் சேலை கட்டலையான்னு கேட்டேன். சுடிதாரும் டிரெடிஷனல்தானே மேடம்னு மரியாதையாச் சொல்லுச்சு பெனிட்டா. இத்தனை வருஷம் நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினதுக்கு இன்னிக்காவது பலன் கிடைச்சுதேன்னு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

ரூபி என் கையைப் பிடிச்சா. சின்னப் பிள்ளையில ரோடு தாண்டும்போது பிடிச்சது, பிறகு அன்னிக்குத்தான். அம்மா நான் வீட்டுக்குப் போறேன்னா. கேட்டுக்குள்ள அம்மான்னு சொன்னதும் அன்னிக்குத்தான். நீ எதுக்குப் போகணும், பேசினபடி நடந்தது நீ ஒருத்திதான், வார்த்தை மாறினவங்க அவங்க, தலையை நிமிர்த்திப் போடின்னேன். போகமாட்டேன்னு நின்னா. நான்தான் முதுகுல கையை வச்சுத் தள்ளினேன்.

கூட்டமெல்லாம் முடிஞ்சு கிளாஸ் போட்டோ. முன்னாடி வரிசையில நாற்காலி போட்டு நாங்க ஸ்டாஃப் எல்லாம், சேலை கட்டிட்டு உட்கார்ந்திருக்கோம். பின்னாடி படியில பிள்ளைக. போட்டோக்காரர் வெளியூரு, புதுசு. கறுப்பா நிக்கிற வரிசைக்கு ஓரத்துல ஒரு பச்சைச் சேலையைப் பாத்துட்டு, மேடம் நீங்க ஏன் பிள்ளைகளோட நிக்கிறீங்க, முன்னாடி சேர்ல வந்து உட்காருங்கன்னு சத்தமாச் சொன்னார். அவ எங்க கிளாஸ்தான் சார்னு ஒரு பிள்ளையாவது சொல்லும்னு ரூபி அப்படியே நிக்கிறா. பெனிட்டாவைப் பாக்குறா. அது செருப்பைச் சரிபண்ற மாதிரி குனிஞ்சுக்கிச்சு. போட்டோக்காரர் திரும்பவும், சீக்கிரம் மேடம், வெயில் போகுதுங்கிறார்.

எனக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி காலியாத்தான் இருந்துச்சு. வா ரூபி, இங்க உட்காருன்னு நான் கூப்பிட்டேன். படியிறங்கி வந்து உட்கார்ந்தா. அவளுக்குப் பின்னாடி யாரோ சிரிச்ச மாதிரி இருந்துச்சு. நான் திரும்பிப் பாத்தேன், ஒருத்தியும் பல்லைக் காட்டலை.

அந்தப் போட்டோவைப் பெருசாப் போட்டு ஹால்ல மாட்டியிருக்கேன். அம்மாவும் மகளும் சேலையில, ஒரே வரிசையில. எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நான் அதை மாட்டின நாள்ல இருந்து அவ ஹால் வழியாப் போனதில்லை. பின்வாசல் வழியாச் சுத்திப் போய் ரூம்ல படுத்துக்கிடுவா.

அதுக்கப்புறம் கிளாஸ்ல ஒருத்தியும் பேசறதில்லைன்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு. பெத்த மனசு கேக்குமா? பேசாதன்னு அவ சொல்லியிருந்தா, ஆனாலும் ஒரு நாள் அவங்க கிளாஸுக்கே போனேன். ரூபிணி என்கிட்ட ஒண்ணும் சொல்லலை, டெய்லர் கடையில நானாத்தான் பாத்தேன், இதுக்காக அவளை யாரும் ஒதுக்கிவைக்கக்கூடாது, அப்படி ஏதாவது காதுல விழுந்தா நடவடிக்கை எடுப்பேன்னு தெளிவாச் சொன்னேன். பிள்ளைக எல்லாம் எழுந்திரிச்சு, எஸ் மேடம்னுச்சு. ரூபி எழுந்திரிக்கலை. பெஞ்சுல தலையைக் கவுத்திக்கிட்டா. அன்னிக்கு மத்தியானம் என் ரூமுக்குச் சாப்பிட வந்தா. பழையபடி. ஆனா டப்பாவைத் திறக்கலை.

பிறகு என்ன சொல்றதுங்க. ஒரே டாப்பை வாரம் முழுக்கப் போட ஆரம்பிச்சா. தலை சீவ மாட்டா, நான்தான் பிடிச்சு உட்கார வச்சுச் சீவணும். கம்மலைக் கழட்டிட்டா, காது மொட்டையாக் கிடந்துச்சு. ஒரு குறை சொல்ல முடியாது பாருங்க, அத்தனை ரூலும் சரியா இருக்கும் அவகிட்ட. ஆனா பாக்குறப்ப எனக்கே பயமா இருக்கும். வீட்டுக் கண்ணாடியை நியூஸ் பேப்பர் ஒட்டி மூடிட்டா. ஏன்டின்னா, தூசிங்கிறா. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம், மாத்திரை எழுதிக் கொடுத்தார். தூங்கினா, எழுந்தா, திரும்பத் தூங்கினா. வீட்ல ஒரு உசுரு நடமாடுற சத்தமே இல்லை. நான் ஸ்கூட்டரை வெளிய நிப்பாட்டிட்டு உள்ள போகப் பிடிக்காம கொஞ்ச நேரம் நின்னுட்டு இருப்பேன். நான் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?

அவங்க அப்பா ஈ.பி.யில இருக்கார். அதிகம் பேசாத மனுசன். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை வச்சுட்டு எழுந்து, அந்தப் பிள்ளையை வேற எங்கயாவது அனுப்பிருவோம்னார். டி.சி. வாங்கி, கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ்ல ஹாஸ்டலோட இடம் பாத்தது அவர்தான். சேக்கப் போனப்ப அங்க பிரின்சிபால் கேட்டார், நல்ல மார்க் இருக்கே, நடுவுல ஏன்மா அந்தக் காலேஜை விட்டு வரேன்னு. நான் பதில் சொல்லணும்னு வாயைத் திறக்கிறேன், மாசக்கணக்கா நாலு வார்த்தை பேசாத பிள்ளை பட்டுன்னு சொல்றா, அங்க எங்க அம்மா இருக்காங்க சார்னு.

எனக்குச் சுருக்குன்னுச்சு. பிறகு யோசிச்சுப் பாத்தேன். அவ சொன்னதுல தப்பில்லை. நான் கண்டிப்பா இருந்ததால என்மேல இருந்த கடுப்பைத்தானே அந்தப் பிள்ளைக இவமேல காட்டுச்சு. அம்மா நல்லவளா இருந்ததால எனக்கு இந்தக் கதின்னு சொல்றா. அப்படித்தானே?

ஹாஸ்டலுக்குப் போய் நாலஞ்சு மாசம் ஆச்சு. போன் பண்ணா எடுப்பா. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். தூங்கினியா, தூங்கினேன். வைக்கட்டுமா. அவ்வளவுதான். லீவுக்கு வரலை. பரீட்சைன்னா. அடுத்த லீவுக்கும் பரீட்சைன்னா. வீட்ல அவ ரூம்ல போய் அந்தப் பழைய ஷாலை எல்லாம் மடிப்பேன், கலைப்பேன், திரும்ப மடிப்பேன்.

போன மாசம் ஹாஸ்டல்ல அவகூட ஒரே ரூம்ல இருக்கிற பிள்ளையோட ஸ்டேட்டஸ்ல ஒரு போட்டோ பாத்தேன். அந்தப் பிள்ளை நம்பரை அவசரத்துக்குன்னு வாங்கி வச்சிருந்தேன், ரூபிக்குத் தெரியாது. ஏதோ கேன்டீன் வாசல். நாலஞ்சு பொண்ணுக தோள்ல கை போட்டு நிக்குதுங்க. நடுவுல ரூபி. முடியை முழங்கை வரைக்கும் விரிச்சு விட்டிருக்கா. ஜீன்ஸ். காதுல வளையம், இத்தாம் பெருசு. ஷாலுங்கிற பேச்சே இல்லை. வாயைத் திறந்து சிரிக்கிறா. கண்ணு மூடிப்போற அளவுக்குச் சிரிக்கிறா.

ராத்திரி எல்லாம் எனக்கு உறக்கம் இல்லை. அவங்க அப்பாகிட்டக் காட்டினேன். அவர் போனை வாங்கி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தார். அழுற மாதிரி இருந்துச்சு. அவளாவது நிம்மதியா இருக்கட்டும் சாந்தா, விட்ருன்னார். விட்டுர்றதாம். பெத்த பிள்ளையை விட்டுர்றதாம். ஆம்பளைகளுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவாங்க. கேக்க ஆள் இல்லாம அவ அப்படி ஆகியிருக்கா, அது எனக்குத் தெரியாதா? இங்க பட்ட அவமானத்துல பிள்ளை தன்னை மறந்து திரியுது. தனியா விட்டது என் தப்பில்லை, அவர் யோசனை.

அதான் நானே ஒரு முடிவு எடுத்துட்டேன். அவ இப்பப் படிக்கிற காலேஜுக்கே அப்ளை பண்ணினேன். கணக்குக்கு ஆள் தேவைன்னு போட்டிருந்தாங்க. இன்டர்வியூல என் கமிட்டி அனுபவத்தைக் கேட்டதும் அவங்களுக்கு முகமே மலர்ந்துருச்சு. எங்க பிள்ளைக ரொம்பக் கட்டுமீறிப் போகுதுங்க மேடம், உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்னாங்க. கோவில்பட்டியில ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன். லேடீஸ் ஹாஸ்டல்லயே எனக்கும் ரூம் தரேன்னுட்டாங்க. அவங்க அப்பா நேத்துல இருந்து என்கிட்டப் பேசலை. பேசாட்டிப் போறார், சமைக்கத் தெரிஞ்ச மனுசன்தான்.

ரூபிகிட்ட இன்னும் சொல்லலை. போன்ல சொன்னா வேண்டாம்னுவா, உனக்கு எதுக்கும்மா சிரமம்னுவா. நேர்ல பாக்கட்டும். இனி மத்தியானம் தனியாச் சாப்பிட வேண்டாம், ரெண்டு பேருமே. அவ முகம் எப்படி ஆகும்னு நினைச்சு நினைச்சுப் பாத்துக்கிட்டே வரேன்.

தாராபுரம் தாண்டிருச்சா? தூங்குங்க, பரவாயில்லை, நான் பேசிக்கிட்டே இருப்பேன்.

திங்கக்கிழமை காலைல இருந்து டியூட்டி. ஹாஸ்டல் பிள்ளைக எல்லாம் வகுப்புக்கு ஒரே ஒரு வாசல் வழியாத்தான் வரணுமாம். சுத்திப் போக வேற வழி ஏதும் இருக்கான்னு கேட்டு வச்சுக்கிட்டேன். இல்லைன்னுட்டாங்க.